மன்னார்க் காற்றும் மலைநாட்டுத் தண்ணீரும்

2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனியைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோணியில் வந்திறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்துவந்த பாதையில், 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரோடு நம்மவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி வரை நடந்தார்கள். அந்த நடையின் முதல் நாட்களில் மன்னார்த் தீவின் தென்கரை ஓரமாக வெள்ளை வெளேரென்று வரிசையில் நின்ற காற்றாலைகளைப் பார்த்தவர்கள், ஊர் திரும்பியதும் அதைப் பற்றியும் பேசினார்கள். "எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிய விசிறி" என்பதுதான் அன்றைய பேச்சு. அந்த விசிறிகளின் கீழே குடியிருக்கும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நம்மில் யாரும் அன்று கேட்கவில்லை. இப்போது அவர்களே வீதிக்கு வந்து சொல்கிறார்கள்.

2025 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலிருந்து மன்னார் நகரில் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். தீவில் புதிதாகக் காற்றாலைகள் அமைக்க வேண்டாம், கனிய மணல் அகழ வேண்டாம் என்பதே அவர்கள் கோரிக்கை. அரசாங்கம் ஒரு மாதம் வேலையை நிறுத்திப் பேசுவதாகச் சொன்னது. செப்டெம்பர் இறுதியில் ஓர் இரவு, காற்றாலையின் பாகங்களை ஏற்றிய வாகனங்கள் பொலிஸ் பாதுகாப்போடு தீவுக்குள் வந்தன. மறித்து நின்றவர்கள் மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. பலர் காயப்பட்டார்கள். 29ஆம் திகதி மன்னாரில் கடைகள் மூடிக் கிடந்தன.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் கிளைத் தலைவர் ஒருவர் காரியாலயத்துக்கு வந்து கேட்டார்: "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? அது கடல், நம்மது மலை. அதோட காத்துல கரண்ட் எடுத்தா நல்லதுதானே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த இதழின் ஆசிரியர் தலையங்கத்தை எழுதுகிறோம்.

முதலில் இரண்டாவது கேள்வி. காற்றில் மின்சாரம் எடுப்பது நல்லதுதான். அதில் எமக்குச் சந்தேகம் இல்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை எந்த வீட்டுப் பிள்ளையும் மறந்திருக்காது. மெழுகுதிரி வாங்கவும் காசில்லாமல் குப்பி விளக்கைத் தேடி எடுத்த லயங்கள் எத்தனை! அன்று எண்ணெய் வாங்க நாட்டில் டொலர் இல்லை. நுரைச்சோலையில் இருக்கும் 900 மெகாவோட் அனல் மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரியும் கப்பலில்தான் வருகிறது. அதற்கும் டொலர்தான் கொடுக்க வேண்டும். அந்த டொலரில் ஒரு பங்கு நம் கொழுந்துக் கூடையிலிருந்து போனது. நாள் முழுக்க மழையில் நின்று பறித்த தேயிலையை விற்று, நிலக்கரி வாங்கி எரித்து, அந்த மின்சாரத்துக்கு நாமே பில்லும் கட்டினோம். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கட்டணத்தை உயர்த்தினார்கள். பிறகு கொஞ்சம் குறைத்தார்கள் என்றாலும், அந்தக் காலத்தில் நிலுவை சேர்ந்து லைன் வெட்டப்பட்ட வீடுகள் நமக்குத் தெரியும். காற்றுக்கு யாரும் டொலர் கட்ட வேண்டியதில்லை. ஆகவே காற்றாலை வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. மன்னார் மக்களும் காற்றையோ மின்சாரத்தையோ எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்வி. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மவுசாகலையைக் கேளுங்கள், சொல்லும்.

லக்சபான மின் நிலையம் 1950இல் வேலை தொடங்கியது. அதற்கு நோட்டன் பிரிட்ஜில் அணை கட்டினார்கள். 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாகலை. தேயிலை மலைகளும் லயங்களும் கோயில்களும் தண்ணீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வரட்சியான ஆண்டில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தலை காட்டும். அதைப் பார்க்கப் போகும் வயதானவர்கள், "இங்கதான் நம்ம பெட்டிக்கடை இருந்துச்சு" என்று சேற்றில் நின்று இடம் காட்டுவார்கள். அந்த அணைகளிலிருந்து எடுத்த மின்சாரம் நம் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போனது. கம்பிக்குக் கீழே இருந்த பல லயங்களுக்கு மின்சாரம் வர இருபது, முப்பது வருடம் பிடித்தது. சில லயங்களுக்கு அதற்கும் மேல்.

ஏன் அப்படி? அன்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவனிடம் எந்த மந்திரி வந்து "உன் லயத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்கலாமா" என்று கேட்பார்? நிலமும் நம்முடையதல்ல. துரையிடம் சொன்னார்கள், துரை கங்காணியிடம் சொன்னார், நாம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனோம்.

மேல்கொத்மலை வந்தபோது நிலைமை வேறு. அப்போது நமக்கு வாக்கு இருந்தது, சங்கங்கள் இருந்தன. தலவாக்கலையில் ஊர்வலம் போனோம், கூட்டம் போட்டோம், வருடக்கணக்கில் பேசினோம். 2012இல் அந்த 150 மெகாவோட் திட்டம் திறக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய வீடுகளுக்குப் போயிருந்தன. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை முந்திப் பார்த்தவர்களுக்கு இன்று அதைப் பார்க்க மனம் வராது. என்றாலும் மவுசாகலைக்கும் மேல்கொத்மலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம், கேட்க வாய் இருந்ததும் இல்லாததும்தான் என்பது எமது எண்ணம்.

மன்னார் மக்கள் இன்று கேட்பதும் அதைத்தான். தீவின் முதல் பெரிய காற்றாலைத் திட்டமான தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடன் உதவியோடு மின்சார சபை கட்டியது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவோட், மொத்தம் 103.5 மெகாவோட். விசிறி சுழலும் வட்டத்தின் குறுக்களவு 126 மீற்றர். இவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்த ஆழமான கொங்கிரீட் அடித்தளம் போட வேண்டும், பாரந்தூக்கி நிற்க மேடை கட்ட வேண்டும், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மண் உயர்த்தி வீதி போட வேண்டும். மன்னார்த் தீவோ கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ள மணல் தரை. மழைத் தண்ணீர் கடலுக்கு வடியும் வழியில் மேடும் வீதியும் வந்ததால் வீடுகளுக்குள் வெள்ளம் தேங்குகிறது என்று மக்கள் சொல்கிறார்கள். கரைவலை இழுக்கும் மீனவர்கள் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து வந்து இறங்கும் பறவைகளைப் பற்றிச் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் வரை போயின. இதில் எது எவ்வளவு சரி என்று நீரியல் படித்தவர்களும் கடல் படித்தவர்களும் அளந்து சொல்லட்டும். ஆனால், சொல்கிறவர் அங்கே குடியிருப்பவர். வெள்ளம் எந்த வாசலால் வருகிறது என்று அவருக்குத் தெரியாமல் கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கா தெரியும்? வன்செயல் காலங்களில் மலையைவிட்டு ஓடிய நம் உறவுகள் பலர் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் குடியேறி இன்று விவசாயம் செய்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காற்றாலைகள் தீவோடு நிற்கப் போவதில்லை.

விலை விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோட் காற்றாலை கட்ட வந்த இந்தியாவின் அதானி கம்பனிக்கு, ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் கொடுப்பதாக 2024இல் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறியதும் விலையைக் குறைக்கக் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் அந்தக் கம்பனி விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவோட் திட்டமொன்று கேள்விப்பத்திர மூலம் 4.65 சதத்துக்குப் போயிருக்கிறது. இரண்டும் ஒரே அளவான திட்டங்கள் அல்ல என்பது உண்மை. அப்படிப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் சின்னதல்ல. கேள்விப்பத்திரம் இல்லாமல் பேசி முடித்த விலையை இருபது வருடம் கட்டப் போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். லயத்து மீற்றரும் அதில் சேர்த்திதான்.

வேறு நாடுகளில் கிராமத்தவர்கள் காற்றாலையோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தால், டென்மார்க்கில் ஒரு தீவு இருக்கிறது. பெயர் சம்சோ. ஏறக்குறைய 4,000 பேர். உருளைக்கிழங்கு பயிரிடுவதில் பெயர்போன ஊர், நம் நுவரெலியாவைப் போல. 1997இல் டென்மார்க் அரசு நடத்திய போட்டியொன்றில், தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் தீவாக அது தெரிவு செய்யப்பட்டது. அந்த வேலையை முன்னெடுத்த சோரன் ஹேர்மன்சன் அந்தத் தீவிலேயே பிறந்த விவசாயி மகன், ஆசிரியர். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்கே காற்றாலை நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அந்தக் கூட்டங்களில்தான் முடிவானது. தரையில் 11 காற்றாலைகள் நட்டார்கள். அவற்றில் ஒன்பதை விவசாயிகள் சொந்தமாக வாங்கினார்கள். இரண்டை ஊரார் பலர் சேர்ந்து சிறு சிறு பங்கு போட்டு வாங்கினார்கள். பிறகு கடலில் நட்ட பத்தில் ஐந்து, அந்த ஊர்ச் சபைக்குச் சொந்தம். விசிறியின் சத்தம் அங்கும் அதே சத்தம்தான். தனக்கு வருமானம் தரும் விசிறியின் சத்தம் காதுக்கு அவ்வளவு உறைப்பதில்லை போலும்.

பின்னர் 2008இல் டென்மார்க் ஒரு சட்டமும் போட்டது. காற்றாலை கட்டும் கம்பனி எதுவாக இருந்தாலும், அதிலிருந்து 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்பவர்களுக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை வாங்கும் உரிமை கொடுக்க வேண்டும். 2020இல் அந்த முறையை விட்டுவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள். ஆனாலும் பக்கத்தில் குடியிருப்பவனுக்குப் பங்கு உண்டு என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதி வைத்தது.

அந்தச் சட்டத்தை அப்படியே இலங்கைக்குக் கொண்டு வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? உண்மையைச் சொன்னால், ஒன்றும் கிடைக்காது. 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்பவர் என்று காட்டுவதற்கு முகவரி வேண்டும். நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு முகவரி இருக்கிறது? கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்த பிறகு பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பங்கு வாங்கக் கையில் காசு வேண்டும், அல்லது ஈடு வைக்க நிலம் வேண்டும். லயத்துக் காம்பராவை எந்த வங்கி ஈடாக எடுக்கும்? சம்சோ விவசாயி காற்றாலைக்குச் சொந்தக்காரன் ஆனது அவன் கெட்டிக்காரன் என்பதால் மட்டுமல்ல. அவன் காலுக்குக் கீழே இருந்த நிலம் அவன் பெயரில் இருந்தது.

இது எங்கோ நடக்கும் கதை என்று தள்ளிவிட முடியாது. 2003இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று இலங்கையின் காற்றை அளந்து வரைபடம் வெளியிட்டது. கற்பிட்டியிலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரை உள்ள கரையோரத்தோடு, மத்திய மலைநாட்டையும், ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் சில பகுதிகளையும் நல்ல காற்றுள்ள இடங்களாக அது காட்டியது. அதாவது நாம் கொழுந்து பறிக்கும் முகடுகளை. அம்பேவெல புல்வெளியில் மாடு மேயும் இடத்திலேயே 3 மெகாவோட் காற்றாலைப் பண்ணை ஒன்று இருப்பதை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மலையில் இதுவரை பெரிய காற்றாலைகள் பெருகாததற்குக் காரணம் நம் மீது கொண்ட கரிசனை அல்ல. அறுபது மீற்றருக்கு மேல் நீளமான விசிறி இதழை ஏற்றிக்கொண்டு எந்த லொறி ஹட்டன் வளைவுகளில் திரும்பும்? தோட்டத்துக்குள் நம் அம்புலன்சே திரும்ப முடியாத பாதைகள். ஆனால் பாதை வெட்ட எவ்வளவு காலம் பிடிக்கும்? நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தை 2030க்குள் எண்ணெயும் நிலக்கரியும் இல்லாமல் எடுப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கரையோரத்தில் எதிர்ப்பு வலுத்தால் கண்கள் மலைப் பக்கம் திரும்பும்.

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் அதை நீண்ட காலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. நாளைக்கு ஒரு முகட்டில் காற்றாலை வந்தால் குத்தகைப் பணமோ பங்கோ அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் போகும். அந்த முகட்டுக்குக் கீழே ஐந்து தலைமுறையாக இருப்பவர்களுக்கு வீதி வெட்டிய மண் வந்து சேரும். தோட்ட ஆறுகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் வந்தபோது எம் கிளைகளிலிருந்து வந்த முறைப்பாடுகள் இன்னும் கோப்பில் இருக்கின்றன. ஆற்றுத் தண்ணீர் குழாய்க்குள் போன பிறகு பெண்கள் துணி துவைத்த பாறைகள் வெறும் பாறைகளாகக் கிடக்கின்றன என்று ஒரு கிளை எழுதியிருந்தது. கட்டும்போது ஆறு மாதம் மண் சுமக்க ஆள் எடுத்தார்களாம். கட்டி முடிந்ததும் ஒரு காவற்காரர் போதும் என்றார்களாம்.

காற்றாலையிலும் இதுவேதான். அதற்குக் கொழுந்து பறிக்கவோ கவ்வாத்து வெட்டவோ ஆள் தேவையில்லை. அதைச் சுற்றித் தேயிலை தொடர்ந்து வளரலாம், மாடும் மேயலாம், அது அதன் நல்ல குணம். ஆனால் மின்சாரத்தில் சுலபமாகக் காசு வந்தால், தேயிலை மலையைக் காடாக விட்டுவிட்டு, செக்ரோலில் பேர்களைக் குறைக்கும் புத்தி சிலருக்கு வரும். இப்போதே புல் ஏறிக் கிடக்கும் மலைகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். சம்பளப் பேச்சுக்குப் போனால் தேயிலையில் இலாபம் இல்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள். தோட்டக் காணியிலிருந்து தண்ணீராலோ வெயிலாலோ காற்றாலோ வரும் வருமானமும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும் என்று இனிவரும் பேச்சுவார்த்தைகளில் நமது சங்கம் கேட்கும்.

அதைவிட முக்கியம் காணி. வீடு கட்ட 7 பேர்ச், 10 பேர்ச் என்று எத்தனையோ வருடங்களாகப் பேசுகிறோம். கிடைத்தவர்களிலும் முழு உறுதி கையில் வாங்கியவர்கள் குறைவு. இதை வீட்டுப் பிரச்சினை என்று மட்டும் பார்த்தால் போதாது. உறுதி கையில் இருக்கிறவனே பக்கத்துக் குடியாகக் கணக்கில் வருவான். பிரதேச சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க அவனுக்கு ஓர் இலக்கம் இருக்கும். நட்டஈடு என்றாலும் பங்கு என்றாலும் படிவத்தில் அவன் பெயருக்கு ஓர் இடம் இருக்கும். காணி உறுதி இல்லாத இடத்தில் எந்தப் புதிய மின் திட்டமும் தொடங்கக் கூடாது என்பது எமது நிலைப்பாடு. தொடங்கினால் அது இன்னொரு மவுசாகலையாகத்தான் இருக்கும், இந்த முறை தண்ணீருக்குப் பதில் காற்று.

மன்னார் மக்களின் சம்மதம் இல்லாமல் தீவில் புதிய காற்றாலைகளை நிறுத்தக் கூடாது என்ற கோரிக்கைக்கு நமது சங்கம் ஆதரவளிக்கிறது. நம் முன்னோர் முதலில் கால் வைத்த மண் அது.

இனி நம் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேலை. காற்றாலை கட்டுவதற்கு முன் ஒரு வருடமாவது அந்த இடத்தின் காற்றை அளப்பார்கள். அதற்கு மலை முகட்டில் மெல்லிய, மிக உயரமான இரும்புக் கம்பம் நடுவார்கள். நாலா பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். உச்சியில் சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியோ டவர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் அப்படியொன்று இருந்தாலோ, அளவுக்காரர்கள் வந்து போனாலோ, எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் மலை, எந்தத் திகதியில் வந்தார்கள், துரையிடம் கேட்டபோது என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.